முப்பத்து மூன்று வயதில் மறுபடி அம்மா அப்பாவோடு

2020 ஜூன் மாதம், கொரோனா ஊரடங்கில், இ-பாஸ் வாங்கிக்கொண்டு சென்னையிலிருந்து கோத்தகிரி வந்து சேர்ந்தேன். கையில் ஒரு லேப்டாப், இரண்டு பெட்டி. வீட்டிலிருந்தே வேலை பார்க்கச் சொல்லிவிட்டார்கள். வேளச்சேரியில் பூட்டிக்கிடந்த வீட்டுக்கு வாடகை சும்மா போய்க்கொண்டிருந்தது. மூன்று மாதம் இருந்துவிட்டுத் திரும்பலாம் என்றுதான் வந்தேன். ஐந்து வருடம் தாண்டிவிட்டது. நடுவில் கம்பெனிகூட மாறிவிட்டேன், ஊர் மாறவில்லை.

சம்பாதிக்கிற, கல்யாணமாகாத பெண் பெற்றோர் வீட்டில் இருந்தால் இரண்டு விதமாகப் பேசுவார்கள். "வயசான காலத்துல துணையா இருக்கே, புண்ணியம்" என்பார்கள் சிலர். "இன்னும் அவங்ககூடவேதான் இருக்கியா?" என்பார்கள் சிலர். எங்கள் வீட்டில் நடந்தது இரண்டிலும் அடங்காது. குன்னூரிலும் ஊட்டியிலும் என்னைப் போலத் திரும்பி வந்தவர்கள் சிலர் எப்படிச் சமாளிக்கிறாய் என்று கேட்கிறார்கள். அவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

எங்கள் குடும்பம் இலங்கையிலிருந்து திரும்பி வந்த குடும்பம். இலங்கையில் குடியேறியிருந்த இந்தியத் தமிழர்களில் ஒரு பகுதியினரைத் திருப்பி அழைக்க இரண்டு நாடுகளும் போட்ட 1964 சாஸ்திரி - சிறிமாவோ ஒப்பந்தத்தின்படி இந்தியக் குடியுரிமை கிடைத்து, தாத்தா பாட்டியோடு அப்பா 1972-ல் கப்பலேறியபோது அவருக்குப் பதினேழு வயது. ராமேஸ்வரம் பக்கத்தில் மண்டபம் முகாமில் சில வாரம், அப்புறம் நேராக நீலகிரி. அரசு தேயிலைத் தோட்டத்தில் தொழிலாளியாகச் சேர்ந்து மேஸ்திரியாக ஓய்வு பெற்றார். கோத்தகிரிக்குக் கொஞ்சம் தள்ளி, ரோட்டிலிருந்து 38 படி இறங்கினால் எங்கள் வீடு. பின்னால் அரை ஏக்கர் தேயிலை. இன்றைக்கும் வாரத்தில் மூன்று நாள் காலையில் இலங்கைப் பக்குவத்தில் தேங்காய் ரொட்டியும், தொட்டுக்கொள்ளச் சம்பலும்தான்.

நான் செய்த முதல் தவறு, அந்த வீட்டை நான் விட்டுப்போன வீடு என்றே நினைத்தது. கல்லூரிக்குக் கிளம்பியபோது எனக்கு வயது பதினேழு. அதற்கப்புறம் பதினாறு வருடத்தில் அம்மாவும் அப்பாவும் தங்களுக்கென்று ஒரு நாளை அமைத்துக்கொண்டிருந்தார்கள். எட்டு மணிக்கு விளக்கை அணைப்பது, ஐந்துக்கு எழுந்து பால் இல்லாத டீ, பத்து மணிக்கு அப்பா கட்டைப்பையை எடுத்துக்கொண்டு பஜாருக்குப் பஸ் ஏறுவது எல்லாமே அதில் இருந்தன. அந்தக் கட்டைப்பையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

வந்த புதிதில், கொரோனா பயத்தில் அப்பாவை வெளியே விடவில்லை. அது சரிதான். ஆனால் பயம் தணிந்த பிறகும் மளிகை, மருந்து, சோப்பு எல்லாவற்றையும் நானே போனில் ஆர்டர் போட்டு வரவழைத்துக்கொண்டிருந்தேன். காய்கறிகூட ஒரு பையனிடம் சொன்னால் படி வரைக்கும் கொண்டுவந்து கொடுத்தான். அப்பாவுக்கு ஓய்வு கொடுக்கிறேன் என்று எனக்குள் பெருமை. ஒருநாள் மத்தியானம் மீட்டிங் முடிந்து வெளியே வந்தேன். திண்ணையில் ஓர் அட்டைப்பெட்டி வந்து இறங்கியிருந்தது. அப்பா அதன் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, மேலே ஒட்டியிருந்த சீட்டை விரலை வைத்து எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டிருந்தார். "இதுல என்ன வந்திருக்கு பாப்பா?" என்றார். துவரம்பருப்பும் எண்ணெயும் என்றேன். "ஓ, பருப்பா" என்று எழுந்து உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார். பகலில் படுக்கிற மனிதர் இல்லை அவர்.

அன்றிரவு அம்மா சொன்னார்: "பஜாருக்குப் போனா நாலு பேரைப் பாப்பாரு. டானிங்டன் பக்கம் கடையில ஒரு டீ குடிப்பாரு, தோட்டத்துல கூட வேல செஞ்ச ஆளுங்ககிட்ட பேசுவாரு. அவரு மீன் வாங்கிட்டு வந்தாத்தான் அவருக்கும் நாலு வாய் இறங்கும். நீ வந்ததுல இருந்து அந்த ஆளுக்கு வேலையே இல்லாமப் போச்சு."

எனக்கு அழுகையே வந்துவிட்டது. அவருக்கு உதவுவதாக நினைத்து அவருடைய நாளையே பிடுங்கிவிட்டிருந்தேன். மறுநாள் காலை, மளிகைச் சீட்டை ஒரு தாளில் எழுதி அவர் கையில் கொடுத்தேன். இப்போது பருப்பும் காயும் மீனும் அவர் பொறுப்பு. விலை கூடக்குறைய இருந்தாலும், வீட்டில் இருக்கிற அவரையையே மறுபடி வாங்கி வந்தாலும் நான் எதுவும் சொல்வதில்லை. பெற்றோரோடு இருக்க வருகிறவர்களிடம் நான் முதலில் சொல்வது இதைத்தான். ஒரு வேலையை அவர்கள் கையிலிருந்து வாங்குவதற்கு முன்னால், அதைச் சுற்றி அவர்களுக்கு என்னவெல்லாம் இருக்கிறது என்று ஒரு வாரம் பாருங்கள். சிலிண்டர் தூக்குவது, பேங்க் ஆப், ஓட்டுமேலே ஏறுவது போன்றவற்றை அவர்களே சந்தோஷமாகக் கொடுத்துவிடுவார்கள். அவர்களாகக் கொடுக்காததைப் பிடுங்க வேண்டாம்.

அடுத்தது பணம். இதைப் பேசுவதற்கு எங்கள் வீட்டில் ஒன்றரை வருடம் ஆனது. மாதாமாதம் அம்மா கையில் பதினைந்தாயிரம் கொடுத்துவந்தேன். செலவாகிறது என்றே நினைத்திருந்தேன். ஒருநாள் கம்பளி எடுக்கப் பீரோவைத் திறந்தால், புடவைகளுக்கு அடியில் பழைய பிஸ்கட் டின். அதற்குள் ரப்பர் பேண்ட் போட்டு, நான் கொடுத்த பணம் பெரும்பாலும் அப்படியே இருந்தது. "உன் கல்யாணத்துக்கு ஆகும்னு வெச்சேன்" என்றார் அம்மா. குடும்பம் அதுவரை அப்பாவின் சின்ன பென்ஷனிலும் தேயிலை விற்ற இலைக்காசிலும்தான் நடந்திருக்கிறது. பச்சை இலைக்கு விலை நிலையாக நிற்பதில்லை. அதை விடக் கொடுமை, செலவைக் குறைக்க அப்பா பிரஷர் மாத்திரையை ஒருநாள் விட்டு ஒருநாள் போட்டுக்கொண்டிருந்தார். ஒரே கூரையின் கீழ் இருந்துகொண்டு எனக்கு அது தெரியவில்லை.

அதன் பிறகு ஒரு நீளநோட்டு வாங்கினோம். கரண்ட், கேஸ், இன்டர்நெட், வீட்டுவரி, மருந்து, ஆஸ்பத்திரி இவ்வளவும் என் பெயரில். அரிசி பருப்பு, காய், மீன், பால், தேயிலைக்கு உரம், செடியைக் கவாத்து வெட்டும் கூலி அப்பா பெயரில். அவருக்குக் குறைகிற தொகையை முதல் தேதி அவருடைய கணக்கிலேயே போட்டுவிடுகிறேன், கையில் கொடுப்பதில்லை. மகளிடம் கை நீட்டி வாங்குவது அவருக்குக் கூச்சமாக இருந்தது என்று பின்னால்தான் புரிந்தது. அம்மாவுக்குத் தனியாக மூவாயிரம், அதற்குக் கணக்குக் கேட்பதில்லை. அவர் சீட்டுப் போடுகிறார், போடட்டும். "செலவுக்கு வெச்சுக்கோங்க" என்று மொத்தமாகக் கொடுத்தால் பெற்றோர் அதைச் சேமிக்கத்தான் பார்ப்பார்கள். இன்ன பில் என்னுடையது என்று பெயர் சொல்லி எடுத்துக்கொண்டால்தான் பணம் வீட்டுக்குள் இறங்குகிறது.

வேலை நேரம் இன்னொரு தகராறு. என் மீட்டிங்குகளில் பல ராத்திரி எட்டு மணிக்கு மேல்தான் ஆரம்பிக்கும், அவர்கள் படுக்கிற நேரம். இரண்டு அறை வீடு, பலகைத் தடுப்பு. நான் பேசுவது அவர்கள் காதில் விழும், அப்பாவின் இருமல் என் மைக்கில் விழும். பகலில் அம்மா கதவைத் தள்ளிக்கொண்டு டீயோடு வருவார். ஒரு தடவை எரிந்து விழுந்துவிட்டேன். இரண்டு நாள் அவர் என் பக்கமே வரவில்லை. அப்புறம் ஒரு ஏற்பாடு செய்தோம். கதவுக் கொண்டியில் சிவப்புத் துண்டு தொங்கினால் மீட்டிங், டீயை ஜன்னல் திட்டில் வைத்துவிடலாம். துண்டு இல்லையென்றால் தட்டாமலே வரலாம். ராத்திரி வேலைக்கு முன்னறைக்கு மாறிக்கொண்டேன். வாரத்தில் இரண்டு நாளாவது ஏழு மணிக்கு அவர்களோடு உட்கார்ந்து சாப்பிடுவது என்று மேனேஜரிடம் பேசி நேரம் வாங்கினேன்.

குளிரைப் பற்றிச் சொல்லியே ஆகவேண்டும். சமவெளியில் இருப்பவர்களுக்கு இது பெரிதாகத் தெரியாது. கோத்தகிரி சுமார் 1,800 மீட்டர் உயரம். டிசம்பர், ஜனவரியில் வயதானவர்களுக்கு எலும்புக்குள் இறங்குகிற குளிர். முதல் வருடம் 2,000 வாட் ஹீட்டர் ஒன்று வாங்கி வந்தேன். அது மணிக்கு இரண்டு யூனிட் இழுக்கும். ஒரு நாளைக்கு நாலு மணி நேரம் போட்டால் இரண்டு மாதத்துக்கு 480 யூனிட் அதற்கே போய்விடும். தமிழ்நாட்டில் இரண்டு மாதக் கணக்கு 500 யூனிட்டைத் தாண்டினால் நடுவில் உள்ள யூனிட்டுகளுக்கும் சலுகை விலை போய்விடுகிறது, பில் சட்டென்று எகிறும். அந்த பில்லைப் பார்த்த அப்பா, நான் இல்லாத நேரத்தில் ஹீட்டரின் ஒயரைச் சுருட்டிக் கட்டிலுக்கு அடியில் வைத்துவிட்டார். அம்மா பழையபடி கரி அடுப்பை அறைக்குள் கொண்டுபோக ஆரம்பித்தார்.

ஒரு ஜனவரிக் காலையில் ஆறு மணி ஆகியும் அடுப்படியில் சத்தமில்லை. அறைக்கதவைத் திறந்தேன். அம்மா கட்டில் விளிம்பில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார், எழுந்திருக்க முடியவில்லை, இரண்டு தடவை வாந்தி. அப்பா எழுப்பினாலும் கண்ணைத் திறந்து மூடுகிறார். மூலையில் கரி சாம்பல் பூத்துக் கிடந்தது. ஜன்னல் இடுக்கெல்லாம் குளிருக்காக நானே அடைத்து வைத்த பேப்பர். ஜன்னலைத் திறந்து, இரண்டு பேரையும் திண்ணைக்கு இழுத்து வந்து உட்காரவைத்து, பக்கத்து வீட்டு அண்ணனின் ஜீப்பில் ஆஸ்பத்திரிக்குப் போனோம். நல்லவேளை, இரண்டு பேரும் அன்று சாயங்காலமே வீடு திரும்பினார்கள்.

மூடிய அறையில் கரி எரிந்தால் கார்பன் மோனாக்சைடு வரும். அதற்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. ரத்தம் ஆக்சிஜனை எடுத்துச் செல்ல முடியாமல் செய்துவிடும், தூக்கத்திலேயே ஆள் போய்விடலாம். நீலகிரியிலும் கொடைக்கானலிலும் அப்படி இறந்தவர்களைப் பற்றிச் செய்தி படித்திருக்கிறேன். எங்கள் வீட்டுக்குள் அது வரும் என்று நினைக்கவில்லை. இப்போது கரி அடுப்பு திண்ணையோடு சரி. ஹீட்டர் படுப்பதற்கு முன் அரைமணி, அவர்கள் அறையில் மட்டும். அப்புறம் ஆளுக்கொரு வெந்நீர்ப் பை, கம்பளிக் காலுறை. ஜன்னலில் ஒரு விரல்கடை திறந்தே இருக்கும். கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்றும் வாங்கி மாட்டியிருக்கிறேன். கரண்ட் பில் நேராக என் போனுக்கு வருகிறது, அப்பா அதைப் பார்க்க வேண்டியதில்லை. மலையில் வயதான பெற்றோர் இருக்கிற யாராவது இதைப் படித்தால், இன்றைக்கே போன் போட்டு ராத்திரி அறைக்குள் என்ன மூட்டுகிறார்கள் என்று கேளுங்கள்.

அப்பா டார்ச் எடுத்துக்கொண்டு நிற்பதைப் பற்றி ஒரு வார்த்தை. கோவை போய்விட்டுக் கடைசி பஸ்ஸில் வந்தால், இறங்குகிற வளைவில் அவர் நிற்பார். முப்பத்தைந்து வயசுப் பெண்ணை இப்படிக் காத்துநின்று கூட்டிப்போகிறாரே என்று எனக்கு மூக்கு வரை கோபம் வரும். ஒருநாள் நாங்கள் படியிறங்கும்போது கீழே தேயிலைக்குள் கரடி ஒன்று உறுமிக்கொண்டு போனது. அப்பா என் தோளைப் பிடித்து நிறுத்தினார், அசையாமல் நின்றோம். கரடியும் காட்டெருமையும் கோத்தகிரியில் வீட்டு வாசல் வரை வருவது எல்லோருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். சென்னை வாழ்க்கையில் மறந்துபோயிருந்தது. அவருடைய காவலை எல்லாம் கண்டிப்பு என்றே எடுத்துக்கொண்டிருந்தேன். இப்போது பஸ் மேட்டுப்பாளையம் தாண்டியதும் போன் செய்கிறேன். அவர் குளிரில் ஒருமணி நேரம் நிற்க வேண்டியதில்லை, சரியான நேரத்துக்கு வருகிறார். எங்கே போனேன், யாரோடு போனேன் என்று கேட்பதில்லை. அந்தக் கேள்விக்கு மட்டும் ஒருநாள் உட்கார்ந்து நிதானமாகச் சொன்னேன்: "அப்பா, எப்ப வருவேன்னு கண்டிப்பா சொல்றேன். மத்தது எனக்காத் தோணும்போது சொல்றேன்." கொஞ்ச நேரம் கழித்து "சரி பாப்பா" என்றார்.

கல்யாணப் பேச்சு பற்றி அதிகம் எழுதப்போவதில்லை. சொந்தக்காரர்கள் கேட்டால் பதில் சொல்லும் பொறுப்பை அம்மா தலையில் போடாதீர்கள். "அவகிட்டயே கேளுங்க" என்று அம்மா சொல்லப் பழகிய பிறகு கேட்பவர்கள் குறைந்துவிட்டார்கள்.

வீடு யாருக்கு என்பதுதான் கடைசி வரை யாரும் பேசாத விஷயம். தம்பி திருப்பூரில் இருக்கிறான், இரண்டு குழந்தைகள். "அக்கா அங்கேயே இருக்கா, வீட்டை எழுதி வாங்கிக்கிட்டா" என்று அவன் பக்கத்தில் யாரோ பேசியது என் காதுக்கு வந்தது. அதே சமயம் அப்பாவும், "உன் பேருக்குத் தானசெட்டில்மெண்ட் பண்ணிடறேன்" என்று ஆரம்பித்தார். நான் வேண்டாம் என்றேன். செட்டில்மெண்ட் பதிவானால் சொத்து அன்றைக்கே கை மாறிவிடும். உயில் என்றால் அவர்கள் காலத்துக்குப் பிறகுதான், நடுவில் எத்தனை தடவை வேண்டுமானாலும் மாற்றலாம். பெற்றோர் தங்கள் வீட்டில் இருக்கிறோம் என்ற தைரியத்தோடு இருக்க வேண்டும், என் வீட்டில் அல்ல.

பிள்ளைகள் பெயரில் ஏற்கெனவே எழுதிக் கொடுத்துவிட்டவர்களுக்கு 2007-ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் இருக்கிறது. பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு எழுதிக் கொடுத்து, பிள்ளைகள் பார்க்காமல் விட்டால், 23-ஆம் பிரிவின்படி அந்தப் பத்திரத்தை ரத்து செய்யக் கேட்கலாம். எங்கள் பக்கத்துக்குக் குன்னூர் ஆர்.டி.ஓ.விடம் (வருவாய்க் கோட்டாட்சியர்) போக வேண்டும். ஆனால் அந்த நிபந்தனை இருந்தது என்று நிரூபிக்க வேண்டும் என 2022-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2025-ல் வந்த இன்னொரு தீர்ப்பு பெற்றோருக்குச் சாதகமாகச் சட்டத்தைத் தாராளமாகப் பார்த்தது. எப்படியானாலும், எழுதிக் கொடுப்பதென்றால் பராமரிக்க வேண்டும் என்ற வரியைப் பத்திரத்திலேயே எழுதச் சொல்லுங்கள்.

பொங்கலுக்குத் தம்பி வந்தபோது நானே பேச்சை எடுத்தேன். உயில் இல்லாமல் போனால் 1956 இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அம்மா, தம்பி, நான் மூவருக்கும் சமபங்கு. வீடு அப்பா சுயமாகச் சம்பாதித்தது, அதனால் உயிலில் யாருக்கு வேண்டுமானாலும் எழுதலாம். எல்லாவற்றையும் அடுப்படியில் உட்கார்ந்து நாலு பேரும் பேசினோம். தம்பி முதலில் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டான். "நான் கேட்டேனா அக்கா?" என்றான். கேட்கவில்லை, அதனால்தான் நானாகச் சொல்கிறேன் என்றேன். முதலில் அம்மாவுக்கு, பிறகு எங்கள் இருவருக்கும் என்று அப்பா உயில் எழுதி, இரண்டு சாட்சிகளோடு பதிவும் செய்துவிட்டார். தம்பி இப்போது வாரம் இரண்டு தடவை போன் செய்கிறான், முன்பு மாதத்துக்கு ஒன்று.

மருந்து எப்போதும் ஒரு மாதத்துக்குக் கையிருப்பு வைத்திருக்கிறேன். 2009 நவம்பர் மழையில் மண்சரிந்து ரோடெல்லாம் துண்டுபட்டபோது நான் சென்னையில் இருந்தேன், இரண்டு நாள் போனே கிடைக்கவில்லை. என்ன மாத்திரை, எத்தனை வேளை, எந்த டாக்டர், ரத்த வகை எல்லாம் ஒரு தாளில் எழுதிப் பிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறது, அதன் போட்டோ தம்பி போனிலும் இருக்கிறது.

இன்னும் முடியாமல் இருப்பது அந்த 38 படிகள். அம்மாவுக்கு மூட்டுவலி. மழைக்காலத்தில் படி பாசி பிடித்துவிடும். கைப்பிடிக் கம்பி போடலாம் என்று இரண்டு வருடமாகச் சொல்கிறேன். "நான் என்ன கெழவனா? கம்பியப் புடிச்சுக்கிட்டு நடக்கிறதுக்கு?" என்று அப்பா ஒவ்வொரு தடவையும் தட்டிக் கழித்தார். நானே வெல்டிங்காரரை வரச் சொல்லியிருக்கலாம். அட்டைப்பெட்டி ஞாபகம் வந்தது. "அம்மாவுக்குப் போடணும்பா, அளவு நீங்கதான் பாத்துச் சொல்லணும்" என்றேன்.

போன ஞாயிற்றுக்கிழமை காலை டேப்பும் ஒரு துண்டுக் கரியும் எடுத்துக்கொண்டு கிளம்பினார். கீழ்ப்படியில் அம்மாவை நிற்கவைத்து, "கைய எங்க வைக்க வசதியா இருக்கு?" என்று கேட்டு, அந்த உயரத்தைப் பக்கச் சுவரில் கரியால் கோடு போட்டார். அடுத்த படி. மறுபடி அம்மா கை, மறுபடி ஒரு கோடு. எல்லாப் படியும் ஒரே உயரம் இல்லை, தோட்டத்துக் கல்லை அடுக்கி அவரே கட்டிய படிகள். அம்மா முழங்காலைப் பிடித்துக்கொண்டு ஏறி ஏறி நின்றார், நடுவில் இரண்டு தடவை உட்கார்ந்து டீ குடித்தார்கள். ரோட்டு மேல் படியை எட்டும்போது மணி பன்னிரண்டு. வெல்டிங்காரர் வியாழக்கிழமை வருகிறார். அதற்குள் மழை வந்து கோட்டை அழித்துவிடுமோ என்று அப்பா தினமும் சாயங்காலம் போய்ப் பார்த்துவிட்டு வருகிறார்.